உப்புக்காற்றில் ஒரு டூ ஸ்ட்ரோக் வண்டி: வீட்டிலேயே மீட்டெடுக்க

பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்று கைக்கு வந்ததும் பலர் முதலில் போவது பெயிண்டரிடம். டேங்கும் சைடு பாக்ஸும் பளபளவென்று திரும்பி வரும். புது ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், சைலன்சருக்குக் குரோம் ஏற்றுவார்கள். ஆறு மாதம் கழித்து இன்ஜின் ஜாம் ஆகி, அதே பளபளப்போடு வண்டி மறுபடி திண்ணை ஓரத்தில் நிற்கும். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை இதை அடிக்கடி பார்க்கலாம். பெயிண்ட் கடைசி வேலை. முதல் வேலை இன்ஜினுக்குள் காற்று எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பது. அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஆர்சி புத்தகம்.

நம் பக்கத்துக் கொட்டகைகளில் தூங்கும் வண்டிகள் பெரும்பாலும் நாலைந்து ரகம்தான். எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவோடு சேர்ந்து 1985 முதல் 1996 வரை விற்ற ஆர்எக்ஸ் 100. மைசூரில் ஐடியல் ஜாவா தயாரித்து, 1996ல் ஆலை மூடியதோடு நின்றுபோன எஸ்டி. போலந்து வண்டியைப் பின்பற்றி எஸ்கார்ட்ஸ் செய்த ராஜ்தூத் 175. ஓசூரிலிருந்து 1980ல் வந்த டிவிஎஸ் 50, 1984ல் வந்த இண்ட்-சுசுகி. புல்லட்டுக்குப் பேர்போன என்ஃபீல்டும் டூ ஸ்ட்ரோக் செய்தது என்பது இளையவர்கள் பலருக்குத் தெரியாது. மினி புல்லட் 200, சில்வர் பிளஸ், எக்ஸ்ப்ளோரர் எல்லாம் அவர்களுடையவைதான். இவற்றில் எது கிடைத்தாலும் அடிப்படை ஒன்றே. சாமான் கிடைப்பதில்தான் வித்தியாசம். முதல்முறை இறங்குகிறவர்களுக்கு ஆர்எக்ஸ் 100ஐத்தான் சொல்வேன். போர் 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக்கும் 50 மில்லிமீட்டர், மொத்தம் 98 சிசி. நூறு கிலோவைச் சற்றே தாண்டும் உடம்பு, 11 குதிரைத்திறன். சாமானும் இன்னும் கிடைக்கிறது.

வேலையில் இறங்குமுன் இந்த இன்ஜின் எப்படி மூச்சுவிடுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் கேம் தள்ளித் திறக்கும் வால்வு உண்டு, அடியில் தனியாக ஆயில் தேங்கி நிற்கும். இதில் அவை எதுவும் கிடையாது. பிஸ்டன் மேலே போகும்போது கீழே கிராங்க் கேஸில் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோலும் ஆயிலும் காற்றும் கலந்த கலவையை கார்புரேட்டர் வழியாக உள்ளே இழுக்கிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது அதே கிராங்க் கேஸ் பம்பாக மாறி, அந்தக் கலவையை அழுத்திப் பக்கத்துத் துளைகள் வழியாக மேலே தள்ளுகிறது. மேலே ஏறும் புதுக் கலவைதான் எரிந்த புகையை வெளியே விரட்டுகிறது. இங்கிலாந்துக்காரர் ஜோசப் டே 1890களின் தொடக்கத்தில் கண்ட ஏற்பாடு இது. போகிற போக்கில் புதுக் கலவையிலும் ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியே போய்விடும். டூ ஸ்ட்ரோக்கின் புகையும் பெட்ரோல் தாகமும் அங்கிருந்துதான் வருகின்றன. புகை விதிகள் இறுக இறுக இந்த வண்டிகள் கடையை விட்டுப் போனதற்கும் அதுவே காரணம்.

இதிலிருந்து இரண்டு விஷயம் மனதில் பதிய வேண்டும். ஒன்று, கிராங்க் கேஸ் காற்றுப்புகாமல் இருந்தே ஆக வேண்டும். இரண்டு, கிராங்க் பேரிங், கனெக்டிங் ராடு, பிஸ்டன் மூன்றுக்கும் பெட்ரோலோடு வரும் ஆயில் மட்டுமே உயவு. எங்காவது ஒரு பேக்கிங் ஓரமாகவோ ஆயில் சீல் வழியாகவோ வெளிக்காற்று உள்ளே புகுந்தால், கலவையில் பெட்ரோல் குறையும், அதோடு ஆயிலும் குறையும். சூடு ஏறும், பிஸ்டன் போரைப் பிடித்துக்கொள்ளும். மெக்கானிக்குகள் ‘சீஸ்’ என்பது இதைத்தான்.

இனி வண்டிக்கு வருவோம். பல வருடம் நின்ற வண்டியைப் பார்த்ததும் கிக்கரை மிதிக்கக் கை, கால் துடிக்கும். மிதிக்காதீர்கள். நம் ஊரில் இதற்குக் கூடுதல் காரணம் உண்டு. 2011 டிசம்பர் 30ல் தானே புயல், 2015 இறுதியில் பெருவெள்ளம், 2024ல் ஃபெஞ்சல் புயலை ஒட்டித் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் என்று கடலூர் மாவட்டம் தண்ணீரில் நின்ற நாட்கள் நிறைய. கொட்டகையில் கிடக்கும் வண்டி எந்த வெள்ளத்தில் எவ்வளவு உயரம் மூழ்கியது என்று வீட்டுக்காரர்களிடம் கேளுங்கள். தண்ணீர் கார்புரேட்டர் வழியாகவோ சைலன்சர் வழியாகவோ கிராங்க் கேஸுக்குள் போயிருக்கலாம். தண்ணீரை அழுத்த முடியாது. பிளக்கோடு மிதித்தால் கனெக்டிங் ராடு வளையவும் கூடும். தண்ணீர் வற்றிப்போயிருந்தாலும் துரு பிடித்த பேரிங் சுழலும்போது தானும் கெட்டுப் பக்கத்திலுள்ளதையும் கெடுக்கும்.

ஆகவே முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். துளை வழியாகக் கொஞ்சம் டூடி எனப்படும் டூ ஸ்ட்ரோக் ஆயிலும் டீசலும் கலந்து ஊற்றி ஒருநாள் ஊறவிடுங்கள். பிறகு மேக்னட் பக்கத்து நட்டில் ஸ்பானரைப் போட்டு, கையாலேயே மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். தடங்கலில்லாமல் சுற்றினால் பாதி நிம்மதி. கரகரவென்று சத்தம் வந்தாலோ அசையவே மறுத்தாலோ வலுக்கட்டாயம் வேண்டாம். இன்ஜினைச் சட்டத்திலிருந்து இறக்கிவிடுவதுதான் வழி.

இறக்குமுன் வண்டியை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஒயரும் எங்கே போகிறது, கேபிள் சட்டத்துக்கு எந்தப் பக்கமாக வளைகிறது என்று கிட்டத்தில் எடுங்கள். போல்ட்டுகளை ஒரே டப்பாவில் கொட்டாதீர்கள். கிளட்ச் மூடி, மேக்னட் மூடி, ஹெட் என்று தனித்தனிப் பையில் போட்டு எழுதி வையுங்கள். மூடி ஸ்க்ரூக்கள் நீளத்தில் ஒன்றுபோல் இருக்காது. நீளமானதைக் குட்டை இடத்தில் போட்டு இறுக்கினால் அலுமினியக் கேஸ் விரிசல் விடும்.

ஜப்பான் வடிவமைப்பு வண்டிகளின் மூடி ஸ்க்ரூவைப் பார்த்தால் சாதாரண நட்சத்திர ஸ்க்ரூ போலவே தெரியும். ஆனால் அதன் பள்ளத்தின் வடிவம் கொஞ்சம் வேறு. நம் ஸ்க்ரூடிரைவரைப் போட்டு அழுத்தினால் வழுக்கிக்கொண்டு மேலே வந்து தலையைத் தேய்த்துவிடும். ஜப்பான் அளவுக்கான பிட் ஒன்றும், சுத்தியால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர் ஒன்றும் வாங்கிவிடுங்கள். மேக்னட்டைக் கழற்ற அதற்குரிய புல்லர் வேண்டும். ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்புகிறவர்கள் காந்தத்தையும் கிராங்க் முனையையும் சேர்த்துக் கெடுக்கிறார்கள். இந்த மூன்றுக்கும் செலவழிக்கத் தயங்க வேண்டாம்.

உப்புக்காற்று செய்யும் பெரிய தொல்லை, அலுமினியத்துக்குள் இறுகிய இரும்பு போல்ட். இரண்டு உலோகம் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி, போல்ட்டைச் சிமெண்டு வைத்தாற்போலப் பிடித்துக்கொள்ளும். துரு இளக்கும் ஆயிலை அடித்து ராத்திரி முழுக்க விடுங்கள். மறுநாள் பெட்ரோல், கார்புரேட்டர், டேங்க் எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டு, ஹாட் ஏர் கன்னால் கேஸைச் சூடாக்குங்கள். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பிடி தானாகத் தளரும். பொறுமையில்லாமல் நீளக் கம்பி போட்டு நெம்பினால் போல்ட் முறிந்து பாதி உள்ளே நிற்கும். திரும்பப் பூட்டும்போது எல்லா போல்ட்டுக்கும் லேசாக கிரீஸ் தடவுங்கள். அடுத்த முறை கழற்றுகிறவர் உங்களை வாழ்த்துவார்.

கிராங்க்கைச் சோதிப்பது எளிது. ஹெட்டையும் பாரலையும் எடுத்துவிட்டு, கனெக்டிங் ராடை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். துளியும் ஆட்டம் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் அசைந்தால் பரவாயில்லை, அது அப்படித்தான் இருக்க வேண்டும். மேல்கீழ் ஆட்டம் ‘டிக் டிக்’ என்று தட்டுப்பட்டால் ராடு கிட் மாற்ற வேண்டும். இந்த ஒரு வேலையை வீட்டில் செய்ய முயலாதீர்கள். கிராங்க் என்பது இரண்டு கனத்த வட்டுகளைப் பிரஸ் போட்டு ஒரு பின்னில் இறுக்கியது. பிரித்துச் சேர்த்தபின் இரண்டும் ஒரே நேர்கோட்டில் சுற்ற வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு விலகினாலே இன்ஜின் அதிரும், பேரிங் போகும். டயல் கேஜ் வைத்து நேர் பார்க்கத் தெரிந்த லேத் பட்டறையைத் தேடிப் போங்கள். மீன்பிடிப் படகு இன்ஜின் வேலை பார்த்துப் பழகிய கைகள் துறைமுகப் பகுதியில் கிடைக்கும். மோட்டார் சைக்கிள் கிராங்க் போட்டிருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிராங்க்கின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆயில் சீல். இந்தச் சின்ன ரப்பர் வளையங்களைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன், ஏனென்றால் வீட்டில் மீட்டெடுத்த வண்டிகள் பல இதனால்தான் சாகின்றன. பல வருடம் ஓடாமல் நின்ற ரப்பர் காய்ந்து விறைத்துவிடும். பார்க்க நன்றாகவே இருக்கும். மேக்னட் பக்கத்துச் சீல் போனால் வெளிக்காற்று உள்ளே புகும். அடையாளம் இதுதான்: ஆக்ஸிலேட்டரை விட்டபிறகும் இன்ஜின் வேகம் இறங்காமல் அப்படியே நிற்கும், ஐட்லிங் ஒருநாள் போல் ஒருநாள் இருக்காது, சூடு கடுமையாக ஏறும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் வெளிக்காற்றுக்குப் பதில் கியர் ஆயிலை இன்ஜின் உறிஞ்சும். வெள்ளைப் புகை நிற்காமல் வரும், கியர் ஆயில் மட்டம் குறைந்துகொண்டே போகும், பிளக் நனைந்துகொண்டே இருக்கும். புகையைப் பார்த்துவிட்டுப் பலர் ரிங் போய்விட்டதென்று பாரலைக் கொண்டுபோய் ரீபோர் செய்துவிடுகிறார்கள். செலவு வீண், புகையும் நிற்காது. இன்ஜினைப் பிரித்தால் இரண்டு சீலையும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

மாற்றியபின் கசிவு இருக்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். கையால் அழுத்தும் பழைய மாடல் பிபி கருவி ஒன்று போதும். சைலன்சர் வாயை ரப்பர் ஷீட்டும் தகடும் வைத்து இறுக அடையுங்கள். கார்புரேட்டர் வரும் வழியில் ஒரு ரப்பர் கார்க்கைச் செருகி, அதில் துளையிட்டு பிபி கருவியின் குழாயைச் சொருகுங்கள். ஆயில் பம்பு உள்ள வண்டியானால் ஆயில் டியூப் உள்ளே வரும் துளையையும் அடைக்க வேண்டும். பிளக் மாட்டி, பிஸ்டனைக் கீழ் முனைக்கு இறக்கிக்கொள்ளுங்கள். இப்போது பல்பை அழுத்தி 300க்கு ஏற்றுங்கள். அது ஏறக்குறைய ஆறு பிஎஸ்ஐ, அதற்கு மேல் ஏற்றினால் சீலே பிதுங்கிவிடும். முள் சில நிமிடம் கிட்டத்தட்ட அங்கேயே நின்றால் இன்ஜின் நல்ல இன்ஜின். கிடுகிடுவென்று இறங்கினால் சோப்புத் தண்ணீரைப் பாரல் அடி, ஹெட், கேஸ் இணைப்பு, மேக்னட் சீல் ஓரம் என்று தடவி வாருங்கள். கசியும் இடத்தில் நுரை பூக்கும். வெளியே எங்குமே நுரை இல்லாமல் முள் மட்டும் இறங்கினால், கியர் ஆயில் ஊற்றும் துளையில் காதை வையுங்கள். அங்கே குமிழிச் சத்தம் கேட்டால் கிளட்ச் பக்கத்துச் சீல்தான். அனுபவமுள்ள மெக்கானிக் காதாலேயே கண்டுபிடிப்பதை முதல்முறை செய்கிறவருக்கு இந்தச் சோதனை காட்டிவிடும்.

போர் தேய்ந்திருந்தால் ரீபோர். பிஸ்டன்கள் கால், அரை, முக்கால், ஒரு மில்லிமீட்டர் என்று பெரிதாகிக்கொண்டே போகும் அளவுகளில் வரும். பிஸ்டனை முதலில் வாங்கி, பாரலோடு சேர்த்து லேத்தில் கொடுங்கள். அந்தப் பிஸ்டனை அளந்துதான் போர் போட வேண்டும், பெட்டியில் எழுதியிருக்கும் அளவை நம்பிப் போடக் கூடாது. ரீபோர் முடிந்து வந்ததும் போருக்குள் விரலைவிட்டுத் துளைகளின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். கத்தி முனையாக இருந்தால் திருப்பிக் கொடுத்து ஓரத்தைச் சாய்த்துத் தேய்க்கச் சொல்லுங்கள். பலர் விட்டுவிடும் வேலை இது. கூரான ஓரத்தில் ரிங் மாட்டிக்கொண்டால் முதல் ஐம்பது கிலோமீட்டரிலேயே உடையும்.

ரிங்கிலும் கவனம் வேண்டும். டூ ஸ்ட்ரோக் பிஸ்டனின் ரிங் பள்ளத்தில் ஒரு குட்டிப் பின் இருக்கும். ரிங்கின் இரண்டு முனையும் அந்தப் பின்னை அணைத்தாற்போல உட்கார வேண்டும். இல்லாவிட்டால் ரிங் சுழன்று முனை துளைக்குள் துருத்திக்கொள்ளும். ரிங்கில் எழுத்து இருக்கும் பக்கம் மேலே, பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம். பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் சர்க்ளிப் இரண்டையும் புதிதாகவே போடுங்கள். போடும்போது கேஸ் வாயைத் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள், தெறித்த சர்க்ளிப் உள்ளே விழுந்தால் இன்ஜினை மறுபடி பிரிக்க வேண்டும்.

ஆர்எக்ஸ் 100ல் கார்புரேட்டருக்குப் பின்னால் ரீட் வால்வு இருக்கிறது. மெல்லிய தகடுகள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஓரம் பிளந்தோ வளைந்தோ இருந்தால் காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும்.

அடுத்து பெட்ரோல் டேங்க். கடலோரத்தில் பாதி காலியாக நின்ற டேங்கின் உள்ளே துரு இல்லாமல் இருந்தால் ஆச்சரியம். பெட்ரோலை வடித்து, கழுவிக் காயவிட்டு, ஒரு கைப்பிடி சின்ன நட்டுகளைப் போட்டுக் குலுக்குங்கள். உதிராத துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி கடையில் கிடைக்கும். அவசரமில்லை என்றால் நம் வீட்டுப் புளியே போதும். கெட்டியாகக் கரைத்து வடிகட்டி, டேங்க் நிறைய ஊற்றி இரண்டு மூன்று நாள் விட்டால் துரு இளகிக் கருநீராக வரும். எதைப் பயன்படுத்தினாலும் பிறகு சோடா உப்புக் கரைசலால் அலசி, நல்ல தண்ணீரில் கழுவி, உடனே வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காயவைத்து, டூடி ஆயிலை உள்ளே சுழற்றிப் பூசிவிட வேண்டும். ஒரு மணி நேரம் ஈரமாக விட்டால் சிவப்புத் துரு திரும்பிவிடும். இங்கே நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடலை ஒட்டிய ஊர்களில் பல வீட்டு போர்வெல் தண்ணீர் உப்பு. அதில் வண்டியைக் கழுவுவது துருவுக்குத் தீனி போடுவதுதான்.

இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் இந்த வண்டிகளுக்காகச் செய்ததல்ல. பழைய ரப்பர்கள் அதில் உப்பி இளகும். பெட்ரோல் டியூப், கார்புரேட்டர் பேக்கிங், டேங்க் டேப் வாஷர் எல்லாவற்றையும் எத்தனாலைத் தாங்கும் ரகத்தில் புதிதாக மாற்றுங்கள். எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் கலவை கொஞ்சம் இளைக்கும். மெயின் ஜெட் ஒரு அளவு பெரிதாக வேண்டியிருக்கலாம். இதைவிட முக்கியமானது ஈரம். எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியே இறங்கிவிடும். டூடி ஆயில் அதில் கரையாது. கார்புரேட்டருக்கு முதலில் போவது அடியில் இருப்பதுதான், ஆகவே ஆயிலே இல்லாத கலவையில் இன்ஜின் ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் வண்டி இரண்டு வாரத்துக்கு மேல் நிற்குமானால் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுங்கள்.

ஆயில் கணக்கு: எஸ்டி, ராஜ்தூத், டிவிஎஸ் 50 போன்றவற்றில் டேங்கிலேயே கலக்க வேண்டும். ஆர்எக்ஸ் 100க்குத் தனி ஆயில் டேங்கும் பம்பும் உண்டு. பல வண்டிகளில் பம்பை எப்போதோ மூடிவிட்டிருப்பார்கள். அது ஓடுகிறதா, இல்லையா என்று உறுதி செய்யாமல் வெறும் பெட்ரோல் ஊற்றாதீர்கள். புதிதாக ரீபோர் செய்த இன்ஜினுக்கு லிட்டருக்கு 40 மில்லி, ஓடிப் பழகியபின் நல்ல ரக ஆயிலானால் 25 மில்லி போதும். பழைய எஸ்டிக்குக் கம்பெனி சொன்ன அளவு இதைவிடக் கூடுதல், அதன் மேனுவலைப் பாருங்கள். பம்பு வேலை செய்தாலும் முதல் டேங்குக்கு ஆயிலைக் கலந்தே ஊற்றுங்கள். ஆயில் டியூபில் காற்றுக்குமிழி நின்றிருந்தால் அது வெளியேறும்வரை இந்தக் கலவைதான் இன்ஜினைக் காப்பாற்றும்.

சைலன்சருக்குள் கார்பன் அடைத்திருக்கும். காஸ்டிக் சோடாக் கரைசலை ஊற்றி ஊறவைத்தால் இளகி வரும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அந்தக் கரைசல் பிஸ்டன், ஹெட் போன்ற அலுமினியச் சாமானில் பட்டால் அரித்து, தீப்பிடிக்கும் வாயுவையும் கிளப்பும். சத்தத்துக்காக உள்குழலை எடுத்துவிட்டு ஓட்டும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் இன்ஜினின் ஒரு பாகம். கிழக்கு ஜெர்மனியின் எம்ஸட் நிறுவனத்தில் வால்டர் காடன் 1950களில் உழைத்து உலகத்துக்குக் காட்டியது இதைத்தான்: சரியான வடிவச் சைலன்சருக்குள் திரும்பி வரும் அழுத்த அலை, தப்பி ஓடும் புதுக் கலவையைத் திருப்பி உள்ளே தள்ளும். அந்த வடிவத்தைக் கெடுத்தால் சத்தம் கூடும், இழுவை குறையும்.

பிரேக் டிரம்மைத் திறக்கும்போது ஒரு எச்சரிக்கை. பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். தூசியை வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

இன்ஜின் சோதனையில் தேறியபிறகு பெயிண்ட். துருவை முழுக்கச் சுரண்டி எபாக்ஸி பிரைமர் அடித்த பிறகே கலர். பட்டி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. சட்டத்தின் குழாய்களுக்குள்ளும் ஆயிலோ மெழுகோ தெளித்துவிடுங்கள், அங்கிருந்துதான் துரு வெளியே வரும். குரோம் பூச்சுக்குக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. கடலோரத்தில் அதை நம்பி விட்டுவிடக் கூடாது, வாரம் ஒருமுறை மெழுகு தடவுங்கள். பழைய குரோம் சுமாராக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். கம்பெனி போட்ட பூச்சின் கனம் மறுபூச்சில் எளிதாக வராது. வண்டியை பிளாஸ்டிக் தார்ப்பாயால் மூடாதீர்கள், உள்ளே வியர்த்து இரும்பை நனைக்கும். பழைய பருத்திப் போர்வை போதும். இதில் இன்னொன்று மறக்கக் கூடாது: சேஸிஸ் எண் குத்தியிருக்கும் இடத்தில் கிரைண்டரும் வேண்டாம், பட்டியும் வேண்டாம். ஆர்டிஓ ஆய்வாளர் முதலில் தடவிப் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

புதுப் போரை ஓட்டிப் பழக்க, கடலூரிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாகச் சிதம்பரம் போகும் சாலை வசதியானது. சுமார் 45 கிலோமீட்டர், மேடு பள்ளமில்லாத சமதரை. அதிகாலையில் கிளம்புங்கள். ஒரே வேகத்தில் ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். முழு ஆக்ஸிலேட்டர் கூடாது. புதுச்சத்திரத்தில் நிறுத்தி, இன்ஜின் கைபொறுக்கும் அளவுக்கு ஆறியபிறகு கிளம்புங்கள். முதல் 500 கிலோமீட்டர் இப்படித்தான். ஊர் போய்ச் சேர்ந்ததும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காப்பித்தூள் நிறமென்றால் கலவை சரி. கறுத்து நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அதனால் ஆபத்தில்லை. வெள்ளையாக வெளுத்திருந்தால் அங்கேயே நில்லுங்கள். ஜெட்டையும் கசிவையும் பார்க்காமல் அந்த வண்டியில் திரும்பி வரக் கூடாது.

இனி காகிதம். வண்டி வாங்குமுன்பே பார்க்க வேண்டியதைக் கடைசியில் சொல்வதற்குக் காரணம், இது படித்து முடித்தபின் மனதில் நிற்க வேண்டும். ஆர்எக்ஸ் 100 திருடர்களுக்குப் பிடித்த வண்டி. ஆர்சியிலுள்ள இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் குத்தியிருப்பதோடு ஒத்துப்போகாவிட்டால், விலை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். 1989க்கு முன் பதிவான வண்டிகளுக்கு டிஎன் 31 போன்ற எண் கிடையாது, மூன்றெழுத்துப் பழைய எண்தான். அத்தகைய பதிவுகள் பல கணினியில் ஏறியிருக்காது. அசல் ஆர்சி புத்தகத்தோடு ஆர்டிஓ அலுவலகம் போய் ஏற்றிக்கொள்ள வேண்டும். புத்தகமே தொலைந்த வண்டியானால் அந்த வேலை நடக்குமா என்று அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு முன்பணம் கொடுங்கள். நிறம் மாற்றினால் அதையும் ஆர்சியில் பதிய வேண்டும்.

வண்டி பதிவாகி 15 ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பித்து, அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தொடர வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி 20 ஆண்டு தாண்டிய இருசக்கர வண்டிக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2,000 ரூபாய். பசுமை வரி தனி. 2021ல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, அசல் வடிவம் மாறாத வண்டிகளுக்கு மட்டும். பழைய ஜாவா, ராஜ்தூத் சிலவற்றுக்கு அந்தத் தகுதி வந்துவிட்டது. அப்படிப் பதிந்தால் அன்றாடம் ஓட்ட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். முதல் ஆர்எக்ஸ் 100 வண்டிகளுக்கு அது 2035ல்தான் வரும். அதுவரை சாதாரணப் பதிவு காலாவதியாகாமல் இருந்தால்தான் நீங்கள் மீட்ட வண்டி சாலையில் ஓடலாம். ஸ்பானரை எடுக்குமுன் உங்கள் ஆர்சியில் எந்தத் தேதிவரை என்று போட்டிருக்கிறது, ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.